ஈரம் காயாத பலகை

அந்தப் படகு எங்கள் வீட்டுச் சந்துக்குள் வந்து இறங்கிய அன்று, என் மனைவி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். உள்ளே போனாள். குளியலறையிலிருந்து நீல நிற பிளாஸ்டிக் மக்கை எடுத்து வந்து படகுக்குள் போட்டாள்.

“ஓட்டப் படகுக்கு மொதல் சாமான் இதான். தண்ணி மொண்டு ஊத்த வேணாமா?” என்றாள்.

படகை இறக்கிவைத்த டெம்போக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அதற்கென்றே அவள் ஒரு பழமொழி வைத்திருந்தாள்: ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இருபத்தாறு வருஷத்தில் அதை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ! இப்போது சொல்வதற்கு ஆள் இல்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். புதுச்சேரியில் சின்னதாக ஒரு கடை. கிணற்று மோட்டார், மின்விசிறி, மாவரைக்கும் கிரைண்டர் என்று எரிந்துபோனதெல்லாம் எங்களிடம் வரும். அப்படி வந்து பழக்கமானவர்தான் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வயதான காலத்தில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று வீட்டை விற்றுவிட்டு பிரான்சுக்குக் கிளம்பினார். அவர் தோட்டத்தில் பல வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த பாய்மரப் படகை மட்டும் யாரும் கேட்கவில்லை.

“இத ஒடச்சி அடுப்புல வைக்கிறவன்கிட்ட குடுக்க மனசு வரல முசே. நீ எடுத்துக்கோ,” என்றார். பிரெஞ்சுப் பழக்கம், யாராக இருந்தாலும் அவருக்கு முசேதான்.

பன்னிரண்டு அடி நீளம். இரண்டு பேர் உட்காரலாம். ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான். அவ்வளவுதான். கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கப்பற்பிரிவில் இருந்தபோது இந்த மாதிரிப் படகில்தான் இரண்டு வருஷம் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகக் கற்ற ஒரே விளையாட்டு அது. படகைப் பார்த்ததும் முட்டி வலிகூட மறந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் சேதராப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. அவளோ கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். அவள் அப்பா கட்டுமரம் ஓட்டியவர். அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு விடியற்காலையில் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அந்தக் கடலைப் பார்த்தபடியேதான் அவள் வளர்ந்தாள். ஆனால் ஒரு நாள்கூட அதற்குள் போனதில்லை. அவர்கள் பக்கத்தில் பெண்கள் படகில் ஏறுகிற வழக்கம் இல்லை.

“கடல்காரன் வூட்டுப் பொண்ணு கால நனைச்சதோட சரி. மாடு மேச்சவரு வூட்டுப் புள்ள கடலுக்குப் போய்ட்டு வந்து எனக்குக் கத சொல்லுது. காலக் கொடுமடா சாமி,” என்று உறவுக்காரர்கள் முன்னால் என்னை வாருவாள். எனக்குப் பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பிடிக்கும்.

அப்பா சொன்ன ஒரு விஷயம் மட்டும் அவள் மனதில் அப்படியே தங்கியிருந்தது. கடலுக்குள் இருப்பவர்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, கரையில் தெரிகிற இரண்டு உயரமான கட்டடங்களைப் பார்ப்பார்களாம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே வந்தால் இன்ன இடம் என்று கணக்கு. “மாதா கோயில் கோபுரமும் தண்ணி டேங்கும் ஒண்ணா சேர்ற எடத்துல வல வுட்டா மீன் படும்னு எங்கப்பா சொல்வாரு. கரையில நின்னா வீடு, மரம்லாம் மறைச்சிக்கும், எவ்ளோ தேடினாலும் அது சேராது. அங்கருந்து பாத்தாதான் சேரும்,” என்பாள். சின்ன வயதில் கடற்கரை முழுக்க நடந்து நடந்து அதைத் தேடியிருக்கிறாள்.

படகு வந்து இரண்டு மாதம் சும்மாவே கிடந்தது. ஆடி மாதத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளானது. சாதாரண காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். பிறகு முதுகு வலி என்றாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றார். ஆறு மாதம் சொல்லலாம், குறையவும் செய்யலாம் என்றார்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவரும் மறுப்புச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். நோயாளியைத் தவிரத் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். என் பெரியப்பா கடைசி வரை தனக்கு அல்சர் என்றே நம்பினார். நம்பினார் என்று நாங்கள் நம்பினோம்.

“கணையத்துல வீக்கமாம். வாரத்துக்கு ஒரு ட்ரிப் போட்டா கரஞ்சிடுமாம். பொங்கலுக்கு நீயே எழுந்து பான வைப்ப,” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் பூசணித் தோட்டத்தையே மறைத்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “செரி,” என்றாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் ட்ரிப் போட்டு வந்த மறுநாள், காற்று வாங்கலாம் என்று கடற்கரை ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். சுண்டல் வாங்கிக் கையில் வைத்திருந்தாள், சாப்பிடவில்லை. திடீரென்று கேட்டாள்.

“அந்த ஓட்டப் படகு தேறுமா?”

“ஏன் தேறாம?”

“தேறிச்சின்னா ஒரு வாட்டி என்னக் கூட்டிட்டுப் போங்க. கோபுரமும் டேங்கும் ஒண்ணா சேருதான்னு பாத்துட்டு வந்துடலாம்.”

இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. புடவை கேட்டிருக்கிறாள், ஃபிரிட்ஜ் கேட்டிருக்கிறாள். பிள்ளை இல்லை என்று டாக்டரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். எல்லாம் வீட்டுக்கென்று கேட்டது. இது ஒன்றுதான் தனக்கென்று கேட்டது.

“உன் தம்பிகிட்ட சொல்றேன். நாளைக்கே ஃபைபர் போட்டுல கூட்டிட்டுப் போய்ட்டு வருவான்,” என்றேன்.

“நாலு பேரு பங்கு போட்ட போட்டு அது. நான் ஏறி, மறுநாளு மீன் படலன்னா அவன் தலையிலதான் விடியும். வேணாம்.”

“அப்ப டூரிஸ்ட் போட்டுக்கு டிக்கெட் எடுக்கறேன்.”

“எங்கப்பன் ஓடுன கடல நான் டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா? போறதுன்னா உங்க படகுல போறேன். இல்லன்னா வுடுங்க.”

மறுநாள் காலையே படகைக் கவிழ்த்துப் போட்டேன். மேலே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. திருப்புளியால் பின்பக்கப் பலகையைக் குத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தால் முனையில் காபித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரம் சொதசொதவென்று இருந்தது. முகர்ந்தால் பழைய கோணிச்சாக்கு நாற்றம். சுக்கானை மாட்டுவது அந்தப் பலகையில்தான். அலையில் அது பிடுங்கிக்கொண்டு போனால் படகு நம் பேச்சைக் கேட்காது. அடிப்பலகையில் இரண்டு இடம், உள்ளே விலாச் சட்டங்களில் மூன்று இடம், எல்லாம் அதே கதை.

எனக்குச் செம்புக் கம்பி தெரியும், மரம் தெரியாது. ஆனாலும் விசாரித்து ஒன்று தெரிந்துவைத்திருந்தேன். அழுகினதை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும். கெட்டியான மரம் தட்டுப்படுகிற வரை போக வேண்டும். ஈரம் காய வேண்டும். அப்புறம்தான் புதுக் கட்டை சேர்க்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். என் கையில் இருந்ததே சில மாதம்தான்.

அவள் தம்பி, என் மச்சான், கடலுக்குப் போகாத நாட்களில் துறைமுகத்தில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலையும் செய்கிறவன். எங்கள் கடற்கரையில் இன்றைக்கு எல்லாமே ஃபைபர்தான். ஓட்டை விழுந்தால் கண்ணாடி இழையில் செய்த துணி மாதிரி ஒரு மேட்டை வைத்து, அதன் மேல் காய்ந்து இறுகிக்கொள்கிற ரெசின் பூசுவார்கள். மறுநாள் தொழிலுக்குப் போகலாம். அவளுடைய நோய் பற்றி அவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். வந்து படகைப் பார்த்தான்.

“மாமா, இத நோண்டிக்கிட்டே இருந்தா தை ஆயிடும். மேலாப்புல சொரண்டிட்டு ரெண்டு மேட்டு போட்டுடலாம். ஒரே நாளு வேல. அக்காவ கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுங்க.”

“மரத்துமேல நிக்குமாடா?”

“நிக்கும் மாமா. நான் பாத்துக்கறேன்.”

இங்கேதான் என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். கடையில் ஈரமான காயில் மேல் வார்னிஷ் ஊற்றினால் என்ன ஆகும் என்று இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே மினுமினுக்கும். ஓடவிட்ட ஒரு மாதத்தில் காயில் எரிந்துவிடும். அதனால் நாங்கள் ஒரு குண்டு பல்பைக் காயிலுக்கு நடுவில் எரியவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகுதான் வார்னிஷ் பக்கமே போவோம். அப்படிப்பட்ட நான், பல மழை குடித்த மரத்தின் மேல் ரெசின் பூச என் கையாலேயே பிரஷ் எடுத்துக்கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையை முடித்தோம். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ரெசின் போதவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு டப்பா வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது அக்காவும் தம்பியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மச்சான் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினான். ரெசின் வாடை கண்ணில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் படகின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு போகலாம் என்று மனதுக்குள் நாள் குறித்துவிட்டேன்.

புதன்கிழமை கடையிலிருந்து வந்தேன். அவள் படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பாளே, அதே மாதிரி விரல் முட்டியால் அந்தப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இங்க டக்குனு கேக்குது. இங்க பாருங்க, தொப்பு தொப்புன்னுது. உள்ள ஈரம் அப்படியே இருக்குது.”

“இருந்துட்டுப் போவுது. ஒரு வாட்டி போய்ட்டு வர்றதுக்குத் தாங்கும்.”

வாய் தவறிவிட்டது. அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

“ஒரு வாட்டியா? ஏன், அதுக்கப்பறம் போவ மாட்டீங்களா?”

“போவோம். ஏன் போவாம? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பின்ன என்னா? எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டு ஒழுங்கா பண்ணுங்க. பதறாத காரியம் சிதறாது. பொங்கலுக்குள்ள எனக்கு நல்லா ஆயிடும்னு நீங்கதான சொன்னீங்க? மெதுவா தையில போவலாம். நான் எங்க ஓடியா போய்டப் போறேன்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். அவசரம் என்றால், என்ன அவசரம் என்று கேட்பாள். உனக்கு நாள் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தை மாதம் வரும், நீ இருப்பாய் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவன் நான். என் பொய்யே என் வாயை அடைத்துவிட்டது. பதில் சொல்ல முடியாதவன் என்ன செய்வான்? கத்தினேன்.

“உனக்குத்தான் எல்லாம் தெரியும்! பொறந்ததே போட்டுக்குள்ளதான!”

“ஆத்திரக்காரனுக்கு...”

“போதும், நிறுத்து!”

அவள் சிரித்தாள். சிரித்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு கடலுக்குப் போகவில்லை. இரும்பு தேய்க்கிற கை கிரைண்டரை வாடகைக்கு எடுத்து வந்து, பூசியதை எல்லாம் தேய்த்து எடுத்தேன். ஃபைபர் தூள் கழுத்தில், அக்குளில், எங்கும் ஏறி நாலு நாள் அரித்தது. பேர்த்த மேட்டின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அதைக் கையில் எடுத்துக் காட்டினேன். “நான் சொன்னேன்ல?” என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்பலகை முழுவதையும் கழற்றினேன். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய தேக்குக் கதவு ஒன்று கிடைத்தது. ஏதோ பெரிய வீட்டு வாசற்கதவு. பூட்டுத் துளை அப்படியே இருந்தது. அதற்கு ஒரு முளை செதுக்கி அடைத்தேன். “யாரு வூட்டுக் கதவோ. எத்தினி பேரு வந்து தட்டினாங்களோ,” என்று அவள் அந்த முளையைத் தடவிக்கொண்டே இருந்தாள். விலாச் சட்டங்களில் அழுகின இடத்தை உளியால் எடுக்க எடுக்கப் போய்க்கொண்டே இருந்தது. விரல் அளவு என்று நினைத்தது முழம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் இதோடு முடியும் என்று நினைப்பேன். உளி மறுபடி மெத்தென்று இறங்கும்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. சந்துக்கு மேல் தார்ப்பாய் கட்டி, கடையில் இருந்த மூன்று குண்டு பல்புகளைக் கொண்டுவந்து படகுக்குள் தொங்கவிட்டேன். காயிலைக் காயவைப்பது போல மரத்தைக் காயவைத்தேன். செய்ய வேண்டியதைச் செய்ய எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. வெளியே மழை கொட்டும். உள்ளே மரம் காய்கிற வாசனை வரும். அவளுக்கு அந்த நாட்களில் எப்போதும் குளிர். சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து படகின் ஓரமாக உட்கார்ந்து, பல்புக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொள்வாள். சூடு ஏறியதும் உப்புத்தாளை எடுத்து எதையாவது தேய்ப்பாள். கை குச்சியாகிவிட்டது. “வுடு, நான் தேச்சிக்கறேன்,” என்றால் கேட்க மாட்டாள்.

எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். அந்தப் பெயரைச் சொன்னாலே ஊர்க்காரர்களுக்குச் சுடுகாடுதான் ஞாபகம் வரும். ஒரு நாள் தேய்த்துக்கொண்டே சொன்னாள், “ஒரு விதத்துல நமக்கு வசதிதான். வண்டிகூட வேணாம், நடந்தே போய்டலாம்.” கையில் இருந்த உளியை வீசி எறிந்தேன். “என்னா பேச்சு பேசற நீ? வாய்ல நல்ல வார்த்தையே வராதா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். “அய்ய, பொதுவாச் சொன்னேன். வயசாவாமலா போவும்?” என்றாள். நானும் மடையன், பொதுவாகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகைக் கடைசியில் அவளால் எழுந்து நடமாட முடியவில்லை. கட்டிலைச் சந்துப் பக்கத்து ஜன்னலோரம் போட்டேன். இழைப்புளிச் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், “என்னா, வேல நடக்கல போல,” என்று உள்ளேயிருந்து குரல் வரும். கடையை முழுக்கப் பூட்டிவிட்டேன். விலாச் சட்டங்கள் முடிந்தன. அடிப்பலகையில் புதுத் துண்டு சேர்த்தேன். தேக்குப் பலகையைப் பின்னால் பொருத்தி, போல்ட் போட்டு, சுக்கானை மாட்டினேன்.

“சுக்கான் புடிக்குதா?”

“கெட்டியா புடிக்குது.”

“ஆட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நானும் ஆட்டிப் பாக்கணும்.”

தூக்கிக்கொண்டு வந்தேன். கல்யாணமான புதிதில் அவளைத் தூக்கப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டவன் நான். அன்றைக்கு ஒரு கையாலேயே தூக்கியிருக்கலாம். நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு கையாலும் சுக்கான் கட்டையைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பலகை இம்மி அசையவில்லை. மூச்சு வாங்கியது. பிறகு விரல் முட்டியால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தட்டிக்கொண்டே போனாள். ஒரே சத்தம்தான் வந்தது.

“ம். இப்ப செரி,” என்றாள்.

அதுதான் அவள் வெளியே வந்த கடைசி நாள். மார்கழியில், கோலம் போடுகிற நேரத்தில், போய்ச் சேர்ந்தாள். படகுக்கு இன்னும் ஒரு பூச்சு பெயின்ட்தான் பாக்கி இருந்தது. அவள் சொன்ன மாதிரியே நடந்துதான் போனோம்.

பொங்கல் வந்தது, போயிற்று. தை முழுக்க நான் சந்துப் பக்கம் போகவில்லை. அந்த ஜன்னலையும் திறக்கவில்லை. மாசியில் ஒரு காலை மச்சான் வந்து, அவனே பெயின்ட் டப்பாவைத் திறந்து, கடைசிப் பூச்சை அடித்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஞாயித்துக்கெழம எறக்கிடலாம் மாமா. காத்து நல்லா இருக்குது,” என்றான். நான் போய்ப் பரணில் கிடந்த பாயை இறக்கி வெயிலில் விரித்தேன்.

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இறக்கினோம். அங்கிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகலாம். பாயைக் கட்டி முடித்தேன். ஏறப்போகும்போது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, அக்கா ஒண்ணு சொல்லச் சொல்லிச்சி. படகு தண்ணியில எறங்குற அன்னிக்குத்தான் சொல்லணும்னு சத்தியம் வாங்கிடிச்சி.”

“என்னா?”

“அதுக்குத் தெரியும் மாமா. மொதல் ட்ரிப் போட்ட அன்னிக்கே தெரியுமாம். சுத்தி இருக்கறவங்கள்லாம் மொட்டத் தலையா உக்காந்திருந்தா எனக்குப் புரியாதாடான்னுச்சி. உங்ககிட்ட காட்டிக்கக் கூடாதுன்னுச்சி. மனுஷன் ஒடைஞ்சிடுவாருன்னு.”

 கால் சேற்றில் புதைந்துகொண்டிருந்தது.

“அன்னிக்கு ஃபைபர் போட்டப்ப நீங்க ரெசின் வாங்கப் போனீங்கள்ல? அப்பக் கேட்டுச்சி, இந்தப் பூச்சு எத்தினி நாளு தாங்கும்னு. ரெண்டு மூணு வாட்டி போய்ட்டு வரலாங்க்கா, வருஷக்கணக்காலாம் தாங்காதுன்னு உண்மையச் சொன்னேன். ‘எனக்கு அது போதும்டா. அவருக்கு? நான் போனப்பறம் அவரு வூட்லயா இருக்கப் போறாரு? இதுலதான் கெடப்பாரு. நடுக்கடல்ல சுக்கான் புடுங்கிக்கிச்சின்னா? அப்பாவ வுட்டது போதும். இத நான் பேத்து எடுக்கச் சொல்லப் போறேன், நீ குறுக்க பேசாத’ன்னுச்சி.”

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

“அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னாடா? அந்தப் பூச்சோடவே மறுநாளே கூட்டிட்டுப் போயிருப்பனே! காட்டிட்டு வந்து அப்பறம் பேத்து எடுத்திருப்பனே! ஒரு நாளு வேலடா அது!”

“நான் என்னா மாமா பண்ணுவேன்? நீங்க அக்காகிட்ட சொல்லாதன்னீங்க. அக்கா உங்ககிட்ட சொல்லாதன்னுச்சி,” என்று அவன் அழுதான். சட்டையை விட்டேன். அவனை என்ன சொல்லி என்ன? ஒரு வார்த்தை. அவள் சொல்லியிருக்கலாம், நான் சொல்லியிருக்கலாம். “உனக்கு நாள் இல்லை, வா, இப்பவே போகலாம்” என்று ஒரே ஒரு வார்த்தை. போய்விட்டு வந்து நிதானமாக எல்லாவற்றையும் பேர்த்திருக்கலாம். இரண்டுக்கும் இடம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று அந்த ஒரு நாளைத் தொலைத்துவிட்டோம்.

தனியாகத்தான் போனேன். மச்சான் தன் ஃபைபர் போட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே வந்தான். நான் திரும்பிப் பார்த்தால் வேறு பக்கம் பார்த்தான். முகத்துவாரத்தைத் தாண்டியதும் பாய் காற்றைப் பிடித்தது. இரண்டு அலை வந்து பின்பக்கம் மோதின. சுக்கான் என் கைக்கு அடங்கி நின்றது. கரை மெல்ல விலகியது. கட்டடங்கள் சின்னதாயின. அப்பா சொன்னதாக அவள் சொன்னதை வைத்துத் தேடினேன். முதலில் கோபுரம் தனியாக நின்றது. தண்ணீர்த் தொட்டி அதற்குத் தெற்கே எங்கேயோ இருந்தது. வடக்கே போகப் போக இரண்டும் நெருங்கின. ஒரு இடத்தில் தொட்டி கோபுரத்துக்குப் பின்னால் போய்ச் சரியாக நின்றது.

“சேந்துடுச்சி பாரு!” என்று வாய்விட்டுக் கத்தினேன். எதிரே உட்காரும் பலகை காலியாக இருந்தது. பத்து எண்ணுவதற்குள் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. இரண்டும் மறுபடி பிரிந்தன.

படகைத் திருப்பும்போது காலடியில் ஏதோ உருண்டது. அந்த நீல மக். படகைக் கவிழ்த்தபோது விழுந்ததை அவள் மறுபடி உள்ளேயே போட்டு வைத்திருந்தாள். அப்புறம் இத்தனை வேலைக்கு நடுவிலும் அதை யாரும் எடுத்து வெளியே வைக்கவில்லை. குனிந்து எடுத்தேன். உள்ளே பெயின்ட் தூசியும் இரண்டு மரச் சீவலும் இருந்தன. ஈரமே இல்லை. பின்பலகையின் உள்பக்கத்தை, அந்த முளை அடித்த இடத்தை, விலாச் சட்டத்தின் ஒட்டுகளை எல்லாம் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பாழாய்ப்போன படகு கொஞ்சம் ஒழுகித் தொலைத்திருக்கலாம். அவள் எதிரே உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே மொண்டு ஊற்றியிருப்பாள்.